"செம" என்று சொன்ன பிறகு என்ன சொல்வது?

பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்கள் கூடும் எந்தக் குழுவிலும் இரண்டு வகைப் பதில் சுலபமாகக் கிடைக்கும். ஒன்று "செம", "அருமை", "வேற லெவல்". இன்னொன்று "ஹரிசான் சாய்ஞ்சிருக்கு", "ஷார்ப்பா இல்ல", "நானா இருந்தா கொஞ்சம் இடது பக்கம் போய் எடுத்திருப்பேன்". முதல் வகை காதுக்கு இனிக்கும், அடுத்த படத்துக்கு ஒன்றும் செய்யாது. இரண்டாவது வகை உதவி மாதிரித்தான் தெரியும், ஆனால் கேட்டவர் வீட்டுக்குப் போய் எதை மாற்றுவது என்று யோசித்தால் பாதி நேரம் கையில் எதுவும் மிஞ்சாது. சில வருடங்களாக இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை கூடி ப்ரொஜெக்டரில் படம் பார்ப்போம், நடுவில் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்வோம், தொழிலாகப் படம் எடுக்கிறவர் எங்களில் யாரும் இல்லை. அங்கே பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஒரு படத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்தப் படத்தின்மேல் விரல் வைத்துக் காட்ட முடிகிற மாதிரி சொல்லணும். காட்ட முடியாத விஷயங்களும் உண்டு, ரசனை, மனநிலை என்று; அவை பிறகு வரலாம்.

ஒரு உதாரணம். எங்களில் வயதில் சின்னவள் ஒருத்தி கொண்டுவந்த படம். ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து துணி தைக்கிறார். இடது பக்கமிருந்து வரும் வெளிச்சம் ஊசி பிடித்த விரல்களின் மேல் அழகாக விழுந்திருக்கிறது, முகம் பாதி நிழலில். வலது ஓரத்தில், சாத்தாத கதவு வழியாக வெளியிலிருக்கும் வெயில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. முதலில் பேசியவர் "நல்ல லைட்டிங்மா" என்றார். அடுத்தவர் "பேக்கிரவுண்ட் டிஸ்டர்ப் பண்ணுது" என்றார். இரண்டும் உண்மை, இரண்டாலும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எனக்குக் கண்ணு முதல்ல இங்க போச்சு" என்று அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "அப்புறம் முகம், கடைசியாத்தான் கை. நீ எதை முதல்ல பாக்கணும்னு நெனச்சு எடுத்த?" என்று கேட்டார். "கையத்தான் அக்கா. அந்தக் கதவு அங்க இருக்கறதே இப்பத்தான் தெரியுது."

கண் முதலில் எங்கே போனது என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. "உன் படத்தில் இது தப்பு" என்றால் சண்டைக்கு வரலாம், "என் கண் இங்கே போனது" என்றால் என்ன செய்ய முடியும், போனது போனதுதான். பொதுவாகக் கண் வெளிச்சம் அதிகமான இடத்துக்கும், கறுப்பும் வெளுப்பும் உரசுகிற இடத்துக்கும், முகத்துக்கும், எழுத்துக்கும் சீக்கிரம் ஓடும். எடுத்தவருக்கோ ஒரே ஒரு பொருள்மேல்தான் கவனம், மூலையில் என்ன நின்றது என்பது, எடுக்கும்போது கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் உறைத்திருக்காது. அதைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் இன்னொரு ஜோடிக் கண் வேண்டியிருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு அவள் அதையே சின்ன பிரிண்ட் போட்டு எடுத்துவந்தாள். 'எல்' வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைகளை எதிரெதிராக வைத்து நகர்த்தினால் எந்த அளவுக்கும் கிராப் செய்து, அதாவது ஓரத்தை வெட்டி, பார்க்கலாம், பிரிண்ட் போட்ட காலத்து ஆட்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். வலது பக்க அட்டையை உள்ளே தள்ளினால் கதவு போய்விடுகிறது, ஆனால் கூடவே முழங்கையும் போகிறது. கொஞ்சம் வெளியே இழுத்தால் முழங்கை பிழைக்கிறது, வெள்ளைக் கோடு ஒரு நூல் அளவு மிச்சம். ஒருவர் கிராப் போதும் என்றார், ஒருவர் கோட்டை மட்டும் எடிட்டில் இருட்டாக்கலாம் என்றார், ஒருவர் அடுத்த தடவை கதவைச் சாத்திவிட்டு எடு என்றார். அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் இது இப்போதே எடிட்டில் சரியாகிற விஷயமா, அடுத்த முறை எடுக்கும்போது கவனிக்க வேண்டியதா, இல்லை வெறும் என் ரசனையா என்று சேர்த்துச் சொல்கிற பழக்கம் எங்களுக்கு வந்தது. எந்த வகை என்று சொல்லாமல் விட்டால் கேட்கிறவர் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எடுத்துக்கொள்வார். எடிட்டில் அரை நிமிட வேலைக்காக ஒருவர் ஒரு நல்ல படத்தையே தூக்கிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பொருள் என்பது பெரியவர்களுக்கும் இருந்த தொல்லைதான். அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கே 1936இல் எடுத்த, குழந்தைகளோடு கவலையாக உட்கார்ந்திருக்கும் 'இடம்பெயர்ந்த தாய்' படம் எல்லோரும் பார்த்திருப்போம். அதன் கீழ் வலது மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. சில வருடங்கள் கழித்து லாங்கே அதை நெகட்டிவிலேயே மறைக்கச் செய்தார், உற்றுப் பார்த்தால் இன்னும் அதன் நிழல் தெரியும். அரசுத் துறையில் அவருக்கு மேலாளராக இருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு இந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. இதே ஸ்ட்ரைக்கர்தான் தனக்கு வேண்டாம் என்று பட்ட 35 மி.மீ. நெகட்டிவ்களில் நடுவில் ஓட்டை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர். ஒருவரின் முகத்துக்கு நேராகக் கறுப்பு வட்டம் விழுந்த படங்கள் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. காரணம் சொல்லாமல் ஓட்டை மட்டும் போடுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் ஓரிருவர் இருப்பார்கள்.

இப்போது "ஷார்ப்பா இல்ல" என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் சொல்லப்படுவதும் குறைவாக உதவுவதும் இதுதான். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும் மூன்று வேறு கோளாறுகள் இதற்குள் இருக்கின்றன. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்து விளக்கு, சுவர், ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் நகர்ந்திருக்கிறார். கண் மங்கலாக இருந்து காது கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தள்ளிப் போய் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. கேமரா ஆடியதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு, 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடிக்குக் குறையாமல், 200 என்றால் 1/200 நொடிக்குக் குறையாமல். சின்ன சென்சார் கேமராவில் இன்னும் ஒன்றரை மடங்கு வேகம் வேண்டும். ஆட்டத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இதைவிட மெதுவாகவும் தாக்குப்பிடிக்கும், ஆனால் அது கையின் ஆட்டத்துக்குத்தான், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. பிள்ளைக்கு 1/500 மாதிரி வேகம் வேண்டும், அதற்காக ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஏறி நாய்ஸ் என்கிற புள்ளிகள் வந்தாலும் பரவாயில்லை. ஃபோகஸ் கதை தனி: ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்து வைத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான், மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவே அதைவிட அதிக தூரம் இருக்கிறது. இதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் பேசினால் என்ன ஆகும் என்றால், ஓடி விளையாடும் குழந்தையைப் படம்பிடித்தவரிடம் "டிரைபாட்ல வெச்சு எடுங்க சார்" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒருவர் சொன்னார், நானே கேட்டேன்.

வேகமாக ஒன்று. "இருட்டா இருக்கு", "மஞ்சளா இருக்கு" என்று சொல்லுமுன் உங்கள் திரையைப் பாருங்கள். ராத்திரியில் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு, கண் கூசாமல் இருக்கும் மஞ்சள் ஃபில்டரைப் போட்டுக்கொண்டு, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதா என்பது) பற்றி விரிவாகப் பேசியவர்கள் எங்கள் குழுவில் உண்டு. ப்ரொஜெக்டர் நிழல் பகுதியை முழுங்கிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கித்தான் போகும், நுணுக்கம் பேசணும் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஹிஸ்டோகிராம், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், அது யாருடைய போனிலும் ஒன்றே.

பாராட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நிறைய பேர் பாராட்டைக் குறை சொல்வதற்கான மேல்பூச்சாகப் பயன்படுத்துகிறார்கள்: முதலில் ஒரு நல்லது, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு நல்லது. நாலு தடவை கேட்டதும் எல்லோருக்கும் புரிந்துவிடும், "நல்லா இருக்கு" என்று ஆரம்பித்த உடனே எதிரில் இருப்பவர் "ஆனா" எப்போது வரும் என்று காத்திருப்பார், அந்த நல்லது காதில் ஏறவே ஏறாது. எனக்குத் தெரிந்து, புதிதாக எடுக்கிறவருக்குக் குறையைவிட நல்லதைத்தான் துல்லியமாகச் சொல்லணும். ஏனென்றால் அவருடைய நல்ல படத்தில் பாதி தற்செயல். முகத்துக்குப் பின்னால் இருட்டான சுவர் வந்ததால்தான் முகம் எடுத்துக்காட்டியது என்று அவருக்குத் தெரியாது, தெரியாததால் திரும்பச் செய்யவும் முடியாது. "இவரோட வெள்ளை முடி அந்தக் கறுப்புச் சுவருக்கு முன்னாடி வந்ததாலதான் தலை தனியாத் தெரியுது, வெள்ளைச் சுவரா இருந்தா கலந்து போயிருக்கும்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்ட ஒரு தம்பி, அதற்கப்புறம் ஆளை நிறுத்துமுன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒரு அடி நகர்ந்து எடுக்க ஆரம்பித்தான். "செம" என்று நூறு தடவை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு அடி வந்திருக்காது.

லிஸ் லெர்மன் என்று ஒரு அமெரிக்க நடன அமைப்பாளர், 1990 வாக்கில் கலைப் படைப்புகளுக்குக் கருத்துச் சொல்வதற்கென்று நான்கு படிகள் வகுத்தார். முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனதில் நின்றது என்று சொல்வார்கள். அடுத்து படைத்தவர் கேள்வி கேட்பார். அப்புறம் பார்த்தவர்கள், கருத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்விகள் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "இதைப் பற்றி ஒன்று சொல்லணும், சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டு. நடனத்துக்காக வந்தாலும் எதற்கும் பொருந்தும். நாங்கள் இதை அப்படியே பின்பற்றுவதில்லை, நேரம் இருக்காது. ஆனால் மூன்றாவது படி எங்களுக்கு நிறைய உதவியது. "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?" என்பது கேள்விக்குறி போட்ட குற்றச்சாட்டு. "இந்த நிழல் பகுதிய எவ்வளவு வெச்சுக்கணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டால் பதில் வருகிறது. சில நேரம் "முடிவெல்லாம் பண்ணல, அப்படி விழுந்துருச்சு" என்று வரும். அதுவே போதும், யாரும் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லாமல் அவரே அடுத்த முறை கவனிப்பார்.

வயதும் மரியாதையும் இதில் குறுக்கே வரும். மூத்தவர் ஒருவர் படம் போட்டால் "சூப்பர் சார்" தவிர எதுவும் வராது, அவர் முதலில் வாய் திறந்தால் அதற்கப்புறம் பேசுகிறவர் எல்லாம் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். நாங்கள் இரண்டு மாற்றம் செய்தோம். ப்ரொஜெக்டரில் போடும்போது யார் எடுத்தது என்று பெயர் காட்டுவதில்லை, பேசி முடித்தபின்தான் எடுத்தவர் கை தூக்குவார். இன்னொன்று, புதியவர்கள் முதலில் பேசுவார்கள், அனுபவசாலிகள் கடைசியில். முதல் கூட்டத்திலேயே எங்கள் சார் ஒருவரின் படத்தைப் பார்த்து, சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒருவர் "கலர் ரொம்ப ஏத்திட்டாங்க, புல்லு பச்சை கண்ணைக் குத்துது" என்றார். சார் கை தூக்கியதும் அறை அமைதியானது. அவர் சிரித்துவிட்டு, "அது எனக்கும் தோணுச்சு, யாரும் சொல்லாததால சரியா இருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றார். அவருக்கு அதுவரை யாரும் உண்மையைச் சொன்னதில்லை, பாவம்.

விதிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லணும். எந்தப் படத்தைக் காட்டினாலும் படத்தை நீளத்திலும் அகலத்திலும் மூன்றாகப் பிரிக்கும் மூன்றில் ஒரு பங்குக் கட்டத்தைப் போட்டுப் பார்த்து "ஆள் கோட்டில் இல்லை" என்பார்கள். அந்தப் பெயரையும் விதியையும் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் 1797இல் எழுதினார், இயற்கைக் காட்சி ஓவியத்துக்காக. அப்போது உலகத்தில் புகைப்படமே கிடையாது. விதி தவறு என்று சொல்லவில்லை, பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் விதி மீறப்பட்டது என்பது ஒரு கருத்தாகாது, மீறியதால் படத்தில் என்ன கெட்டது என்று காட்டணும். ஆள் நடுவில் நிற்பதால் வலது பக்கம் வெறும் இடமாகக் கிடக்கிறது என்றால் சரி, பேசலாம். ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரர் அமெரிக்காவெங்கும் சுற்றி எடுத்த படங்கள் அங்கே 1959இல் புத்தகமாக வந்தபோது, ஒரு புகைப்பட இதழின் விமர்சகர்கள் மங்கல், குருணை, சாய்ந்த தொடுவானம் என்றெல்லாம் குறை சொன்னார்கள். குறை சொன்னதெல்லாம் படத்தில் இருந்தது உண்மைதான்.

சரி, கேட்டுக்கொள்ளும் பக்கம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, சொல்கிறவர்தான் திருந்தணும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

படத்தோடு ஒரு கேள்வியைக் கொண்டுவாருங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு"தான் வரும். "இந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வது?", "வலது பக்கம் காலியாகத் தெரிகிறதா?", "முகம் தெரியாமல் இருப்பது உறுத்துகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், அறையே சுறுசுறுப்பாகும். ஒரே காட்சியின் பதினைந்து படங்களைக் கொட்டாதீர்கள், அது தேர்வு செய்யும் வேலையை மற்றவர் தலையில் கட்டுவது. தேர்வுதான் இதில் கஷ்டமான பாதி.

பேசும்போது நடுவில் விளக்கம் சொல்லாமல் இருப்பது எல்லோருக்கும் சிரமம். "அப்ப நல்ல மழை, குடையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்துவிடுவோம். மழை படத்தில் தெரிந்தால் சொல்லத் தேவையில்லை, தெரியவில்லை என்றால் அதுதான் உங்களுக்குக் கிடைத்த பதில். கஷ்டப்பட்டு எடுத்த படம்மேல் நமக்கு ஒரு பாசம் வந்துவிடும், பார்க்கிறவருக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. பேசுகிறதை எழுதிக்கொள்ளுங்கள், பதில் எல்லாம் கடைசியில். எழுதும்போது ஒன்று கவனியுங்கள்: நாலு பேர் ஒரே இடத்தைக் காட்டி நாலு வேறு தீர்வு சொல்வார்கள், ஒருவர் வெட்டு என்பார், ஒருவர் மங்கலாக்கு என்பார், ஒருவர் கறுப்பு வெள்ளை ஆக்கு என்பார். தீர்வுகள் எல்லாமே வேலைக்கு ஆகாதவையாக இருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. தீர்வை நீங்களே கண்டுபிடியுங்கள்.

எல்லாப் படமும் கருத்துக்காக வருவதில்லை. ஒருவர் தன் அப்பாவின் படத்தைப் போட்டார், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஜன்னல் வெளிச்சத்தில். அடுத்த நிமிடமே "தலைக்கு மேல இடம் ஜாஸ்தி, கிராப் பண்ணலாம்" என்று வந்தது. சொன்னவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, பழக்க தோஷம். அதற்கப்புறம் எங்கள் குழுவில் படத்தோடு "கருத்து வேணும்" அல்லது "சும்மா பகிர்வு" என்று எழுதிவிட வேண்டும், எழுதவில்லை என்றால் கேட்டுவிட்டுத்தான் பேசணும்.

அடுத்தவர் படத்தை எடுத்து நாமே எடிட் செய்து போடுவது பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கேட்காமல் செய்யக் கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றுதான். கேட்டுவிட்டுச் செய்தால் நூறு வார்த்தையில் சொல்ல முடியாததை ஒரு நொடியில் காட்டிவிடலாம் என்பது ஒரு கட்சி. அப்படிச் செய்தால் எடுத்தவர் தன் கையால் தேடிப் பார்க்காமல் அதையே நகலெடுப்பார் என்பது இன்னொரு கட்சி. நான் இந்த இரண்டாவது கட்சி. இப்போதைக்கு வைத்திருக்கும் ஏற்பாடு, படத்தின்மேல் அம்புக்குறியும் கிராப் கோடும் வரைந்து அனுப்பலாம், கலரையும் வெளிச்சத்தையும் தொடக் கூடாது, வரைந்ததை வேறெங்கும் பகிரக் கூடாது.

சமீபத்தில் சேர்த்துக்கொண்ட ஒரு வழக்கம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. கருத்துக் கேட்டு மாற்றியவர் அடுத்த கூட்டத்துக்குப் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும், எது பழையது என்று சொல்லாமல். சில தடவை கருத்துச் சொன்னவரே பழையதைக் காட்டி "இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார். அப்போது அவருக்கு ஞாபகப்படுத்த அந்த மாதக் குறிப்பு நோட்டு வேண்டும், அதைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு இந்த வருடம் என்னிடம்.